கிரிவலத்துக்கும் ஓட்டத்துக்கும் கால்களைப் பழக்குதல்

பௌர்ணமி கழிந்த இரண்டொரு நாள்களில், கெண்டைக்கால் வலி, குதிகால் வலி என்று எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வருவோர் தொகை கூடுவது வழக்கம். கிரிவலப் பாதையில் அதிகாலை ஓட்டத்தைப் புதிதாகத் தொடங்கியவர்களும் இவர்களுள் அடங்குவர்.

பாதையின் நீளம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். வெறுங்காலுடன் நடப்பது மரபு. நாம் அன்றாடம் அணியும் காலணிகள் பலவற்றில் குதிப்பகுதி சற்று உயர்ந்திருக்கும். கெண்டைக்கால் தசையும் அந்தக் குறுகிய நிலைக்கே பழகியிருக்கும். காலணியைக் கழற்றியதும் குதிகால் தாழ்கிறது. அத்தசையும் அதனைக் குதிகாலுடன் பிணைக்கும் நாணும் ஒவ்வோர் அடியிலும் கூடுதலாக நீள நேர்கிறது. யம லிங்கம் வரை விரைந்து நடந்தவர் குபேர லிங்கத்தருகே காலைப் பிடித்துக்கொண்டு அமர்வது இதனால்தான்.

புறப்படும் முன் இரண்டு ஆசனங்கள் செய்தால் போதுமா என்று பலர் வினவுகின்றனர். போதாது. தசைகளை நீட்டுவதால், உடற்பயிற்சிக்குப் பிந்தைய தசைவலி குறிப்பிடத்தக்க அளவு குறைவதில்லை என்பதே 2011இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின் முடிவு. ஓட்டத்துக்குச் சற்று முன் ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கும் மேலாக இழுத்துப் பிடித்தால் அதன் வலிமை தற்காலிகமாகக் குறையவும் கூடும். ஆகவே, முதல் பத்து நிமிடங்கள் மெல்ல நடந்து உடலைச் சூடேற்றுவதே நன்று.

ஆசனங்களின் பயன் வாரக்கணக்கில் சேர்வது. அதோமுக ஸ்வானாசனம் கெண்டைக்கால், தொடையின் பின்தசை ஆகிய இரண்டையும் ஒருசேர நீட்டுகிறது. குதிகால் தரையைத் தொட்டே தீரவேண்டும் என்பதில்லை. கண்ணழுத்த நோயோ, கட்டுப்படாத இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் தலையைத் தாழ்த்தும் இவ்வாசனத்தைத் தவிர்த்துச் சுவரைப் பற்றி நிற்கலாம்: ஒரு காலைப் பின்வைத்து, குதிகாலை ஊன்றி, 30 விநாடி; பின்பு அதே முழங்காலைச் சற்று மடக்கி, மேலும் 30 விநாடி. மடக்கும்போதுதான் உள்ளடுக்குத் தசை நன்கு நீள்கிறது. பெரும்பாலோர் விட்டுவிடும் பகுதி இதுவே. குலுக்கி இழுத்தல் கூடாது. காலையில் முதல் அடி வைக்கும்போதே குதிகால் வலிப்பவர்கள், எழுமுன் விரல்களைக் கையால் பற்றி முழங்காலை நோக்கி வளைத்து, 10 எண்ணும் வரை பிடித்து விடுவதைப் பத்து முறை செய்யலாம்.

இவற்றோடு, நடக்கும் தொலைவையும் வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டி வர வேண்டும்.

நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலுடன் நடக்கவே கூடாது. சுடுதாரும் சிறுகல்லும் உண்டாக்கும் புண் அவர்களுக்கு வலிக்காது. வலிக்காத புண்ணே காலை இழக்கச் செய்கிறது. மரபை மீறுவதா என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்கினால் அழைத்து வாருங்கள். அவர்களிடம் நாங்கள் பேசுகிறோம்.

குறிப்பிட்ட தொலைவு நடந்ததும் கெண்டைக்கால் வலித்து, நின்றதும் தணிந்தால், அது இரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம், ஆசனத்தால் தீராது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், உள்ளே இரத்தம் உறைந்திருக்கக் கூடும். அக்காலை நீட்டவோ தைலமிட்டுத் தேய்க்கவோ வேண்டாம். அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். அத்துடன் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருப்பின், உடனே 108ஐ அழையுங்கள்.