எண்ணெய் ப்ராஜெக்ட்: எதை எடுப்பது?

உணவுத் தொழில்நுட்பத் துறையில் இறுதியாண்டு ப்ராஜெக்ட் தலைப்புகள் வரத் தொடங்கினால் எனக்குச் சலிப்பும் தொடங்கிவிடும். பாதிப் பேர் கறிவேப்பிலைச் சாறு சேர்த்த எண்ணெய் என்பார்கள், மீதிப் பேர் முருங்கையிலைச் சாறு. சீனியர் செய்தார், இயற்கை என்றால் ஜர்னலில் எடுபடும் என்பது ஒரு காரணம். அப்பா செக்கு வைத்திருக்கிறார், நம் எண்ணெயிலேயே செய் என்கிறார் என்பது இன்னொன்று. எண்ணெய் கெடுவதில் உனக்கு என்ன சந்தேகம் என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அறியப் பெராக்சைடு மதிப்பு எடுப்பதும், பஜ்ஜிக் கடை எண்ணெயில் மொத்தப் போலார் சேர்மங்களை அளப்பதும் எல்லோருக்கும் தெரிந்த வழிகள். இரண்டாவதற்கு 25 விழுக்காடு என்ற வரம்பு 2018 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருப்பதால் ஒப்பிடவும் வசதி. முதலாவதில் ஒன்றைக் கவனியுங்கள். பொரிக்கும் சூட்டில் பெராக்சைடுகளே உடைந்துபோகும். எண் குறைவாக வந்தது என்று எண்ணெய்க்கு நற்சான்று எழுதிவிடாமல், அவை உடைந்து உண்டாவதைக் காட்டும் அனிசிடின் மதிப்பையும் சேர்த்து எடுங்கள்.

இலைச்சாறு வழியைத்தான் நான் தடுக்க நினைக்கிறேன். மாணவர்கள் செய்வது பெரும்பாலும் ஆன்டிஆக்சிடன்ட் ஆற்றலை அளக்கும் டி.பி.பி.எச். சோதனை: மெத்தனாலில் ஊதா நிறம் மஞ்சளாகும், 517 நானோமீட்டரில் படித்து, அரை மணியில் முடித்து, '90 விழுக்காடு ஆற்றல்' என்று எழுதிவிடுவார்கள். அறை வெப்பத்து மெத்தனாலில் நடந்ததை வைத்து 180 டிகிரி வாணலியைப் பற்றி என்ன சொல்ல முடியும்? சாற்றின் நீரில் கரையும் பகுதி எண்ணெயில் சரியாகக் கலப்பதே இல்லை. பச்சையம் கலந்துவிட்டாலோ, வெளிச்சத்தில் அதுவே ஆக்சிஜனைத் தூண்டி எண்ணெயை விரைவாகக் கெடுக்கும். ஆல்பா டோகோஃபெரால்கூட அளவு மிஞ்சினால் எதிர்வேலை பார்க்கும். இயற்கையானதுதானே என்ற சமாதானம் வாணலிக்குப் புரியாது.

அவர்கள் கேட்காமல் விடும் கேள்வி ஒன்று உண்டு: எண்ணெயைக் காப்பாற்றிய ஆன்டிஆக்சிடன்ட், ஆக்சிஜனேற்றம் அடைந்த பிறகு என்னவாகிறது? எண்ணெயில் சேர்க்கும் செயற்கை ஆன்டிஆக்சிடன்டான டி.பி.எச்.க்யூ. க்வினோனாக மாறும். அந்த க்வினோன் செல்லில் உள்ள குளுட்டத்தயோனோடு போய் ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. கிலோ எண்ணெய்க்கு 200 மில்லிகிராம் டி.பி.எச்.க்யூ.தான் உச்ச அனுமதி. நாளுக்கு 30 கிராம் எண்ணெய் உண்பவருக்கு அதிகபட்சம் 6 மில்லிகிராம் சேரும். 60 கிலோ எடையுள்ளவருக்கு உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு சொல்லும் தினசரி வரம்போ 42 மில்லிகிராம். சூட்டில் ஒரு பங்கு ஆவியாகியும் போய்விடும். ஆனால் அந்த வரம்பு டி.பி.எச்.க்யூ.வுக்கு உரியது. அது மாறி உண்டாகும் க்வினோன் வாணலியில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்பது நல்ல ப்ராஜெக்ட்.

என் சாய்வு நல்லெண்ணெய்ப் பக்கம், மறைக்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லாமே அதில்தான். அதிலுள்ள செசமோலின் சூட்டில் உடைந்து செசமால் என்ற ஆன்டிஆக்சிடன்ட் பிறக்கிறது. பிறந்தது எத்தனை முறை பொரிக்கும்வரை தாங்குகிறது, பிறகு என்னவாகிறது என்று பின்தொடர்ந்து போகலாம்.

இப்படிப் பின்தொடரும் வேலை எல்லோருக்கும் ஒத்துவராது. பியூரெட்டின் கடைசிச் சொட்டுக்காகக் காத்திருக்க முடியாதவர்களுக்கு 60 டிகிரி ஓவனில் எண்ணெயை வாரக்கணக்கில் வைத்துப் பார்க்கும் சோதனை தண்டனைதான். அவர்களில் சிலர் கடைகடையாக ஏறி மாதிரி சேகரிப்பதில் கெட்டிக்காரர்களாக இருப்பார்கள். அவர்கள் போலார் சேர்மங்களை எடுக்கட்டும். கைக்கு எது வருகிறதோ அதைத் தேடுங்கள், சீனியருக்கு வந்தது உங்களுக்கும் வரும் என்று கட்டாயமில்லை. அவசரப்படவும் வேண்டாம், ஒரே எண்ணெயை மூன்று முறை அளந்தும் எண்கள் ஒத்துவராத வாரங்கள் வரும். க்வினோனைத் தொடர நினைப்பவர்கள் தலைப்பை எழுதிக் கொடுக்கும் முன்பே துறையின் எச்.பி.எல்.சி. கருவி யார் பெயரில், எந்த மாதம்வரை பதிவாகியிருக்கிறது என்று லேப் உதவியாளரிடம் கேட்டுவிடுங்கள்.