படை வராத விடுதலை

கேள்வி: 1954-இல் புதுச்சேரி மக்கள் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து எழுந்தபோது, நேரு சிறு படையாவது அனுப்பியிருக்கலாமே?
– வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: அனுப்பாததே சரி. மார்ச் கடைசியில் புதுச்சேரி அரசியல் தலைவர் கூபேரின் தரப்பினர் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடியேற்றினார்கள். இந்தியா எல்லையை இறுக்கிச் சரக்குப் போக்குவரத்தை நெருக்கியது. மே மாதம் வியட்நாமின் தியன் பியன் பூவில் தோற்ற பிரான்ஸ் பேச்சுக்கு இறங்கியது. அக்டோபர் 18-இல் கீழூரில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தார்கள். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. கோவாவுக்கு 1961-இல் படை போனதே என்பீர்கள். போர்ச்சுகல் விட்டுக்கொடுக்க மறுத்த இடம் அது.

சிறு படை சிறிதாகவே நிற்பதில்லை என்பதுதான் என் அச்சம். 1987-இல் அமைதி காக்க யாழ்ப்பாணம் போன இந்தியப் படை, அக்டோபரிலேயே விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. 1990 மார்ச்சில் திரும்பியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்திருந்தது. அந்தச் சண்டையில் செத்த தமிழ்ப் பொதுமக்களுக்கு இன்றுவரை ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு இல்லை.