சங்கத்தின் தானியக் களஞ்சியம்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் ஆலயத்தின் 217 அடி உயரமுள்ள ராஜகோபுரத்தின் கலசங்களைக் காட்டி, ஊர்ப் பெரியோர் ஒரு செய்தி சொல்வதுண்டு. கும்பாபிஷேகத்தின்போது கலசங்களில் வரகு முதலிய தானியங்களை நிரப்புவது, பெருவெள்ளத்தால் ஊர் விதை யாவும் அழிந்துபோனால் மறுபடி பயிரிடுவதற்கே என்பர். கருத்து மெச்சத்தக்கது. ஆயினும் வருஷக்கணக்காய் வெயிலிற் காயும் கலசத்தின் உஷ்ணம் முளைப்புச் சக்திக்குப் பகை, அளவும் சொற்பம். ஆபத்துக் காலத்துத் தானியம் ஜனங்களின் கைக்கெட்டும் இடத்தில், அவர்கள் வருஷந்தோறும் எடுத்து மாற்றி வைக்கும் களஞ்சியத்தில் இருத்தல்வேண்டும்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தை நினைக்க. ரயிலிலும் கப்பலிலும் தானியம் வந்துகொண்டுதான் இருந்தது. மழையின்றி வேலையும், வேலையின்றிக் கூலியும் அற்றுப்போனமையால், ஏறிய விலைக்கு அதை வாங்க ஏழைகளிடம் பணமில்லை. 1877-ல் ஸர் ரிச்சர்டு டெம்பிள் நிவாரண வேலைக்கு விதித்த கூலி, ஆடவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவுமே. ராத்தலென்பது ஏறக்குறைய 450 கிராம். நாள் முழுதும் மண் சுமப்பவனுக்கு இது போதுமா என்பதை அங்கத்தினர்களே சொல்லட்டும்.

இக்காலத்தில் ரேஷன் கடை இருக்கையில் களஞ்சியம் எதற்கென்று சிலர் கேட்பர். 2024 டிசம்பர் 1-ந் தேதி, புயல் மழையால் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து ஏழு பேர் மாண்டனர். மறுநாள் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரையோரக் கிராமங்களுள் வெள்ளம் புகுந்தது. பாதை முழுகிய கிராமத்திற்கு எந்தக் கடையின் வண்டியும் அன்றே வந்து சேராது.

ஐவருள்ள குடும்பத்திற்கு நாளொன்றுக்கு 2 கிலோ வீதம் ஒரு மாதத்திற்கு 60 கிலோ ஆகும். நூறு குடும்பத்திற்கு 6 டன். இதை ஒரே அறுவடையில் சேர்ப்பது அரிது, மூன்று வருஷத்தில் சேர்த்தால் பளு தெரியாது. சாமை, வரகு, கேழ்வரகு ஆகியவை நெடுநாள் தாங்கும். ஜவ்வாது மலையார் சாமை விளைவிப்பதில் பேர்போனவர்கள். சாமையையும் வரகையும் உமியோடு வைப்பதே நலம். பல்லால் கடித்தால் நசுங்காமல் உடையும்வரை தானியம் காயவேண்டும். குதிர் சுவரை ஒட்டாமல் உயர்ந்த மேடைமேல் நிற்கட்டும். வேப்பிலைச் சருகிடுவதும் நன்று. விதைத் தானியத்தைத் தனியே கட்டுக. சாமைக்கு ஏக்கருக்கு 5 கிலோ போதும்.

விதைப்புக் காலத்தில் பழைய இருப்பில் பாதிக்கு மேற்படாமல் கடன் கொடுத்து, அறுவடையில் புதுத் தானியமாகச் சற்றுக் கூட்டி வசூலித்தால், இருப்பு புழுத்துப்போகாது, வளரவும் செய்யும். கெடுப்பது பெரும்பாலும் பூச்சியன்று. விலை ஏறியவுடன் விற்றுவிடலாமென்னும் ஆசையும், பஞ்சாயத்தாரின் உறவினருக்கு எழுதாமல் அளக்கும் தாட்சணியமுமே கெடுக்கின்றன. மீதிப் பாதியை, மகாசபையார் கூடி ஆபத்தென்று தீர்மானித்தாலன்றித் தொடலாகாது. கதவுக்குப் பூட்டு இரண்டு இருக்கட்டும். ஒரு சாவி காரியதரிசியிடமும், மற்றது பஞ்சாயத்தில் இல்லாத ஓர் அங்கத்தினரிடமும் இருக்கவேண்டும்.