படகின் அடிப்பகுதிக்கு எந்த சீலன்ட்?

நீர்மட்டத்துக்குக் கீழே துளையிட்டுப் பொருத்தும் குழாய்வாய், வால்வுகளுக்கு பாலியூரித்தேன் சீலன்ட்தான் நம்பகமானது. வாங்குமுன் லேபிளைப் படியுங்கள். இவ்வகை சீலன்ட்களில் 3எம் 5200 நிரந்தரப் பிடிப்பு. பின்னாளில் கழற்ற முயன்றால் ஃபைபரின் மேல்பூச்சே பெயர்ந்து வரக்கூடும். என்றாவது கழற்ற வேண்டிய பாகத்துக்கு 3எம் 4200 போதும்.

பாலிசல்ஃபைடு தேக்குப் பலகை இடுக்குகளுக்கு அருமை. ஆனால் அக்ரிலிக், பாலிகார்பனேட் சன்னல் பக்கம் அதைக் கொண்டுபோகவே வேண்டாம், விரிசல் விடும். சிலிக்கான் பூசிய இடத்தில் பிறகு பெயின்ட்கூட ஒட்டாது, அடிப்பகுதியில் தவிர்த்துவிடுங்கள்.

பழைய பசையை முழுக்கச் சுரண்டி, ஃபைபர் பரப்பை அசிட்டோனால் துடைத்து உலரவிடுங்கள். தாராளமாகப் பூசி, சுற்றிலும் சீராகப் பிதுங்கும்வரை முடுக்குங்கள். ஒரேயடியாக முறுக்கினால் பசை முழுதும் வெளியேறிவிடும். 5200 முழுதாக இறுக ஒரு வாரம்வரை ஆகும். அவசரப்பட்டுப் படகை இறக்காதீர்கள்.