மேகத்தை ஊடுருவி நெல் வயலைப் பார்க்கும் ரேடார் செயற்கைக்கோள்

சம்பா நடவு முடிந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் வானம் நாட்கணக்கில் மூடிக் கிடக்கும். பயிர் மூழ்குவதும் இந்த நாட்களில்தான். சாதாரண செயற்கைக்கோளில் இருப்பது ஒருவகைக் காமிரா. அதற்குச் சூரிய வெளிச்சம் வேண்டும். குறுக்கே மேகம் இருக்கக்கூடாது. ஆகவே சேதம் நடக்கும் வேளையில் அது எடுக்கும் படத்தில் மேகம் மட்டுமே தெரியும். இந்தக் குறையைப் போக்குவது ரேடார் செயற்கைக்கோள். பயிர்க் காப்பீட்டிற்கான கணக்குகளில் இன்று ரேடார் படங்களும் இடம்பெறுவதால், அது நெல்லை எவ்வாறு அடையாளம் காண்கிறது, எங்கே ஏமாறுகிறது என்ற இரண்டையும் விவசாயிகள் தெரிந்துகொள்வது அவசியம்.

இத்துறையில் முன்னோடி நாடுகளில் ஒன்று கனடா. அந்நாட்டின் வட பகுதியில் குளிர்காலம் முழுவதும் இருட்டு, கடலில் பனிப்பாறைகள். கப்பல்களுக்கு வழி சொல்ல, இருட்டிலும் மேகத்திலும் பார்க்கும் கருவி தேவைப்பட்டது. இத்தேவைக்குக் கைகொடுத்த நிறுவனங்களுள் முக்கியமானது எம்.டி.ஏ. எனப்படும் மெக்டொனால்டு டெட்வைலர் நிறுவனம். ஜான் மெக்டொனால்டு, வெர்னர் டெட்வைலர் என்ற இருவர் 1969ல் வான்கூவர் நகரில் தொடங்கியது இது. 1978ல் அமெரிக்கா அனுப்பிய சீசாட் என்ற ரேடார் செயற்கைக்கோள் சுமார் மூன்றரை மாதத்திலேயே பழுதாகிவிட்டது. ஆனால் அது அனுப்பிய செய்திகளைக் கணிப்பொறி மூலமே படமாக மாற்றும் முறையை எம்.டி.ஏ. உருவாக்கிக் காட்டியது. அதுவரை பிலிம் சுருளும் லென்சும் கொண்டே ரேடார் படங்கள் தயாரிக்கப்பட்டு வந்தன.

விண்கலங்களில் பளு தூக்கும் இயந்திரக் கைக்கும் கனடா பெயர் பெற்றது. ஸ்பார் என்ற கனடா நிறுவனம் செய்த முதல் கை 1981ல் கொலம்பியா விண்வெளி ஓடத்தில் சென்றது. 1999ல் ஸ்பாரின் இயந்திரக் கைப் பிரிவை எம்.டி.ஏ. வாங்கிக்கொண்டது. 2001ல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பட்ட இரண்டாவது கையின் நீளம் சுமார் 17 மீட்டர். கேட்க வியப்பாக இருந்தாலும் வயலுக்கு இதனால் ஆவது ஒன்றுமில்லை. வயலுக்கு வேண்டியது இந்நிறுவனத்தின் ரேடார் வேலையே.

1995 நவம்பரில் ராடார்சாட்-1 ஏவப்பட்டது. ஐந்தாண்டு உழைக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட அது 2013 வரை, பதினேழு ஆண்டுகள் உழைத்தது. 1997ல் கனடாவின் மனிடோபா மாநிலத்தில் ரெட் ஆற்றில் பெருவெள்ளம் வந்தபோது, நீர் பரவிய நிலங்களை இதன் படங்களைக் கொண்டு வரைந்தார்கள். 2007ல் எம்.டி.ஏ.வுக்கே சொந்தமான ராடார்சாட்-2 சென்றது. 2019 ஜூனில் கனடா அரசுக்காக இந்நிறுவனம் தயாரித்த மூன்று செயற்கைக்கோள்கள் ஒரே ராக்கெட்டில் சென்றன.

நமக்கும் இதில் தொடர்பு உண்டு. இந்தியாவின் சொந்த ரேடார் செயற்கைக்கோளான ரிசாட்-1, 2012 ஏப்ரலில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதற்கு முன்பு, மழைக்கால நெல் பரப்பைக் கணக்கிட ராடார்சாட் படங்களையே நம் விஞ்ஞானிகள் பயன்படுத்தினார்கள். இப்போது 2022ல் ஏவப்பட்ட நமது செயற்கைக்கோளும், ஐரோப்பாவின் சென்டினல்-1ம் இப்பணிக்கு உதவுகின்றன. எல்லாவற்றிலும் செயல்படும் முறை ஒன்றே.

ரேடார் தானே ஒரு வானொலி அலையைப் பூமிக்கு அனுப்பி, திரும்பி வரும் அலையை அளக்கிறது. ராடார்சாட்டின் அலை நீளம் 5.6 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய மூன்று விரற்கடை. மேகத்திலுள்ள நீர்த்திவலைகள் இதைவிட மிகச் சிறியவை ஆகையால் அலை தடையின்றி இறங்குகிறது. அலை நேர் கீழாக அல்ல, சாய்வாக வருகிறது என்பதை மனதில் கொள்ள வேண்டும். வழவழப்பான சிமெண்ட் களத்தில் ஒரு பந்தைச் சாய்வாக எறிந்தால் அது அப்பால் ஓடிவிடும். கட்டியும் முட்டியுமாக உழுது போட்ட நிலத்தில் எறிந்தால் எந்தப் பக்கமும் தெறிக்கும், எறிந்தவர் பக்கமும் திரும்பும். அதுபோலவே அசையாத நீர்ப்பரப்பில் பட்ட அலை அப்பால் போய்விடுவதால் படத்தில் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். திரும்பி வரும் அலை மிகுதியானால் வெளுப்பாகத் தெரியும்.

நடவு வயல் முதலில் தண்ணீர் நிறைந்து கறுப்பாக இருக்கும். தூர் கட்டத் தொடங்கியதும் அலை தண்ணீரிலும் தண்டிலும் மோதித் திரும்புகிறது. வயல் வாரத்திற்கு வாரம் வெளுக்கிறது. கதிர் வரும் சமயத்தில் இந்த ஏற்றம் நின்றுவிடும். கறுப்பிலிருந்து இவ்வளவு வேகமாக வெளுப்பது நடவு நெல்லுக்கே உரிய அடையாளம். ஒரே ஒரு தேதியின் படத்தில் நட்ட வயலும் ஏரியும் ஒன்றுபோலவே இருக்கும். ஏரி கறுப்பாகவே இருந்துவிடும், வயல் மாறும். ஆகவேதான் பருவத்தில் பல தேதிகளின் படங்கள் தேவைப்படுகின்றன. ராடார்சாட்-2 ஓரிடத்தை அதே கோணத்தில் மீண்டும் பார்க்க 24 நாட்கள் ஆகும். 2019ல் சென்ற மூன்றும் சேர்ந்து 4 நாட்களுக்கு ஒருமுறை பார்க்கின்றன.

இனி ஏமாறும் இடங்கள். முதலாவது நிலத்தின் அளவு. ராடார்சாட்-1, 300 கிலோமீட்டர் அகலத்திற்கு எடுத்த படத்தில் பிரித்தறியக்கூடிய ஒரு புள்ளி 50 மீட்டருக்கு 50 மீட்டர். அதாவது சுமார் 62 சென்ட். ஒரு ஏக்கர்காரருக்கு இரண்டு புள்ளிகூட முழுதாகக் கிடைக்காது. 30 மீட்டர் படத்தில் ஒரு புள்ளி 22 சென்ட். ஏக்கருக்கு நாலரைப் புள்ளி. கனடாவின் கோதுமைச் சமவெளியில் 160 ஏக்கர் ஒரே துண்டாக இருப்பது சாதாரணம். அதில் இப்புள்ளிகள் 720 விழும். ராடார்சாட்-2 மூன்று மீட்டர் நுட்பத்திலும் படம் எடுக்கும் என்பது உண்மை. ஆனால் அப்போது அகலம் 20 கிலோமீட்டராகக் குறுகிவிடும். மேலும் ரேடார் படம் எள்ளையும் அரிசியையும் கலந்து கொட்டினாற்போல் இருக்கும். பல புள்ளிகளைச் சராசரி பார்த்தால்தான் உண்மை தெரியும். ஊர் அளவில் சரியாக இருக்கும் கணக்கு ஒருவரின் ஒரு குண்டு நிலத்திற்குத் தவறாகலாம். கனடா வேளாண்மைத் துறை 2009 முதல் இத்தகைய படங்களைக் கொண்டு ஆண்டுதோறும் பயிர் வரைபடம் தயாரிக்கிறது; அங்கேயும் நேரில் வயலைப் பார்த்து வந்த குறிப்புகளைச் சேர்த்தே தயாரிக்கிறார்கள்.

இரண்டாவது, வெள்ளத்தின் நிலை. பயிர் முழுவதும் மூழ்கி நீர்ப்பரப்பு மட்டும் தெரிந்தால் படம் கறுத்துவிடும். வெள்ளம் என்று பதிவாகும். பயிரின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அலை திரும்பி வரும். அடியில் வேர் அழுகிக்கொண்டிருந்தாலும் நல்ல பயிர் என்று படம் சொல்லக்கூடும். பலத்த காற்றில் நீரில் அலையெழும்பினாலும் கறுப்பு மங்கும். செயற்கைக்கோள் ஒருமுறை கடந்து அடுத்த முறை வருவதற்குள் ஏறி வடிந்த வெள்ளம் படத்திலேயே இராது.

மூன்றாவது, புழுதி விதைப்பு. மானாவாரியாகக் காய்ந்த நிலத்தில் விதைத்த நெல்லுக்குத் தொடக்கத்தில் அந்தக் கறுப்புக் கட்டமே கிடையாது. ஆகவே நடவு நெல்லுக்கு வகுத்த கணக்கில் இவ்வயல்கள் விடுபட வாய்ப்புண்டு.

எனவே படம் சொல்லாததை விவசாயி பதிவு செய்து வைக்க வேண்டும். நட்ட அல்லது விதைத்த தேதி, வெள்ளம் புகுந்த தேதி, வடிந்த தேதி ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளவும். தண்ணீர் நிற்கும்போதே, தேதியும் இடமும் பதியும்படி கைபேசியில் படம் எடுக்கவும்; பயிரின் நுனி தெரிந்தால் அதுவும், தண்ணீரின் ஆழம் காட்ட ஒரு குச்சியும் படத்தில் விழ வேண்டும். அடங்கலில் சர்வே எண்ணுக்கு நேராக நெல் என்று பதிவாகியிருக்கிறதா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் பருவத் தொடக்கத்திலேயே பார்த்துக்கொள்ளவும். புழுதி விதைப்பு செய்தவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது.