மீன் தொட்டிக்கு மண் குகை

தொட்டிக்குள்ள வைக்கிற சின்ன மண் குகை, கவிழ்ந்த பானை இதெல்லாம் கையால செஞ்சு விற்கலாம். முதலீடு கம்மி. ஆனா வெயில்ல காய்ஞ்ச களிமண் தண்ணியில போட்டா மறுபடியும் சேறுதான்.

காரணம் இதுதான். களிமண் கனிமங்களுக்குள்ள தண்ணி வேதிப் பிணைப்பிலேயே இருக்கு. சுமார் 500, 600 டிகிரி செல்சியஸ்லதான் அது வெளியேறும். அதுக்கப்புறம் மண் பழைய நிலைக்குத் திரும்பாது. டெரகோட்டாவை ஏறக்குறைய 900 முதல் 1000 டிகிரியில சுடுவாங்க. வீட்டு அவன் இதுக்குப் பத்தாது. ஊர்ல குயவர் இருந்தா, அவர் சூளையில உங்க பொருளையும் அடுக்கச் சொல்லிக் கேளுங்க. கூலி கொடுத்துடுங்க, ‘காலேஜ் ப்ராஜெக்ட்’னு ஓசியில முடிக்காதீங்க. நல்லா காயாம வெச்சா உள்ள இருக்கிற ஈரம் ஆவியாகி வெடிக்கும், பக்கத்துல இருக்கிற அவர் பானையும் போயிடும்.

வாசல் மீன் உள்ளே திரும்பி வெளிய வர்ற அளவுக்கு இருக்கணும். ஓரத்தை ஈரத்துணியால மழுக்குங்க, இல்லன்னா பெட்டா மீனோட துடுப்பு கிழியும். பெயின்ட் வேண்டவே வேண்டாம்.

சுட்டதும் ஒரு வாரம் பக்கெட்ல ஊறவைங்க. விரலால தேய்ச்சா சேறு வருதா? சரியா வேகல. தண்ணியோட பிஎச்சை முன்னாடியும் பின்னாடியும் அளங்க, மண்ணுல சுண்ணாம்பு இருந்தா ஏறும். இதுல தேறாததைத் தள்ளுபடியில கூட விற்காதீங்க. சாகுறது வாங்கினவரோட மீன்.

விலையில உடைசலையும் சேருங்க. பத்துல ரெண்டு உடைஞ்சா, மீதி எட்டுதான் பத்தோட செலவையும் தாங்கணும். சென்னைப் பசங்கன்னா கொளத்தூர் மீன் கடைகளுக்கு முதல்ல நாலு சாம்பிளோட போங்க.