கட்டுவதற்கு முன்பே தெரியும் ஆபத்து

பத்தாவது மாடியில் கான்கிரீட் தளம் போட்டு முடித்தாகிவிட்டது. தளத்தின் நடுவில் ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள சதுரத் திறப்பு ஒன்று இருக்கிறது. சில வாரங்கள் கழித்து அதன் வழியாகத் தண்ணீர்க் குழாய்கள் செல்லும். அதுவரை அது வெறும் துளைதான். பெரிய ஒட்டுப்பலகை ஒன்றைக் கைகளில் தாங்கிக்கொண்டு நடந்து வரும் ஊழியருக்குத் தம் கால் வைக்கும் இடம் தெரியாது. அடுத்த தளம் ஏறத்தாழ மூன்று மீட்டர் கீழே இருக்கிறது. எல்லா மாடிகளிலும் அதே இடத்தில் துளை இருந்தால், அவர் எங்கே போய் விழுவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்தத் துளை அன்று காலையில் தோன்றியதன்று. வடிவமைப்பாளர் தம் அலுவலகத்தில் அமர்ந்து கட்டடத்தை வரைந்தபோதே அது உருவாகிவிட்டது. ஆனால், தாளில் அது குறுக்குக்கோடு போட்ட ஒரு சிறு கட்டமாகத்தான் தெரிந்தது. கட்டடக் கலைஞரின் வரைபடம் ஒன்று, பொறியாளரின் வரைபடம் வேறொன்று, குழாய் வேலை செய்யும் குத்தகையாளரின் வரைபடம் இன்னொன்று. நூற்றுக்கணக்கான தாள்களுக்கு நடுவே அந்தச் சிறு கட்டத்தைப் பார்த்து, ‘இங்கே ஒருவர் விழக்கூடும்’ என்று யார் நினைப்பார்?

இந்தக் கேள்விக்கு விடை தேட உதவும் முறைகளுள் ஒன்றுதான் கட்டடத் தகவல் மாதிரியாக்கம். கட்டுமானத் துறையினர் இதைச் சுருக்கமாக ‘பிம்’ என்பர். கட்டப்போகும் கட்டடத்தை முதலில் கணினியில் முப்பரிமாண வடிவில் முழுமையாகக் கட்டிப் பார்ப்பதே இதன் அடிப்படை. வெறும் படத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. படத்தில் சுவர் என்பது இரண்டு கோடுகள். மாதிரியிலோ அந்தச் சுவரின் உயரம், தடிமன், பொருள், எடை, அது எழுப்பப்படும் நாள் ஆகிய எல்லாமே அதனுடன் சேர்ந்திருக்கும். கட்டடக் கலைஞர் அந்தச் சுவரை அரை மீட்டர் நகர்த்தினால், பகிரப்பட்ட அந்த மாதிரியைத் திறக்கும் பொறியாளருக்கும் அது நகர்ந்த இடத்திலேயே தெரியும்.

கட்டடத்தைக் கோடுகளாக அல்லாமல் பொருள்களாகக் கணினியில் பதிந்து வைக்கலாம் என்ற எண்ணம் புதியதன்று. சார்ல்ஸ் ஈஸ்ட்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1970களிலேயே அதைப் பற்றி எழுதினார். சிங்கப்பூரில் கட்டட, கட்டுமான ஆணையம் இம்முறையைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. 2013ஆம் ஆண்டில் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களின் கட்டடக் கலை வடிவமைப்பை இந்த மாதிரி வடிவில் சமர்ப்பிக்க வேண்டியிருந்தது. 2015இல் அந்த அளவு 5,000 சதுர மீட்டராகக் குறைக்கப்பட்டது.

தொடக்கத்தில் பலரும் இதைச் செலவைக் குறைக்கும் வழியாகவே பார்த்தார்கள். குழாயும் உத்தரமும் ஒரே இடத்தில் மோதிக்கொள்வதை முன்கூட்டியே கண்டுபிடித்தால், பிறகு சுவரை உடைக்க வேண்டியதில்லை அல்லவா? ஊழியர்களின் உயிரையும் இதே வழியில் காக்கலாம் என்பது பிறகுதான் பரவலாக உணரப்பட்டது. ஈஸ்ட்மனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பாதுகாப்பு விதிகளையே கணினிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். தளத்தில் எங்கே திறப்பு உள்ளது, எந்த விளிம்பில் சுவர் இல்லை, அங்கிருந்து விழுந்தால் ஆழம் எவ்வளவு என்று கணினியே மாதிரி முழுவதும் தேடியது. ஆபத்தான இடங்களில் மூடியோ தடுப்புக் கம்பியோ வைக்கும்படி காட்டியது. சிங்கப்பூர்ச் சட்டமும், ஒருவர் இரண்டு மீட்டருக்கு மேல் விழக்கூடிய திறப்பு மூடப்பட வேண்டும் அல்லது அதைச் சுற்றித் தடுப்பு இருக்க வேண்டும் என்கிறது. கணினிக்கு இந்த ‘இரண்டு மீட்டர்’ எளிதில் புரியும். மனிதரைப் போல அது நூறாவது தாளைப் புரட்டும்போது களைத்துப் போவதில்லை.

மாதிரியுடன் கால அட்டவணையையும் இணைத்தால் இன்னொரு வகை ஆபத்தும் வெளிப்படும். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கண்ணாடிப் பலகைகளைப் பாரந்தூக்கி மேலே ஏற்றவிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே நேரத்தில் அதன் பாதைக்கு நேர் கீழே ஆறு பேர் கம்பி கட்டிக்கொண்டிருப்பார்கள். இவ்விரண்டு வேலைகளும் அட்டவணையில் வெவ்வேறு பக்கங்களில் இருக்கும். வெவ்வேறு நிறுவனங்கள் அவற்றைச் செய்யும். நாள்வாரியாக நகரும் மாதிரியில் கண்ணாடி அவர்கள் தலைக்கு மேலே போவது திரையில் அப்பட்டமாகத் தெரியும். கம்பி கட்டும் வேலையைப் பிற்பகலுக்கு மாற்ற ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

திரையில் தெரிவது அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதாது. சிங்கப்பூரின் வேலையிடங்களில் தமிழ்நாடு, பங்ளாதேஷ், மியன்மார், சீனா ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்கள் அருகருகே நின்று வேலை செய்கிறார்கள். தள வரைபடத்தைப் படிப்பது ஒரு தனிப் பயிற்சி. பலருக்கு அது கிடைப்பதில்லை. காலையில் வேலை தொடங்குமுன் நடக்கும் ‘டூல்பாக்ஸ் மீட்டிங்’கில் மேற்பார்வையாளர் மாதிரியின் அசைவுப் படத்தைக் காட்டினால், இன்று எங்கே நிற்கக்கூடாது என்பது எல்லாருக்கும் விளங்கிவிடும். அதற்காக மொழி தேவையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ‘அண்ணே, அந்தப் பக்கம் ஏணி வைக்க இடமில்லையே, எப்படி இறங்குவது?’ என்று ஓர் ஊழியர் கேட்க வேண்டுமானால், அவர் மொழி தெரிந்த ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும். அந்தக் கேள்வி சில வேளைகளில் மாதிரியையே திருத்த வைக்கும்.

ஆம், மாதிரியும் தவறலாம். இதைச் சிங்கப்பூர் மிகுந்த விலை கொடுத்து அறிந்துகொண்டது. 2004ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் தேதி பிற்பகலில், வட்ட ரயில் பாதைக்காகத் தோண்டப்பட்டுவந்த பெரும்பள்ளம் இடிந்து, நிக்கல் நெடுஞ்சாலையின் ஒரு பகுதி உள்ளே சரிந்தது. ஏறத்தாழ முப்பது மீட்டர் ஆழமான அந்தப் பள்ளத்தின் பக்கச் சுவர்களை அடுக்கடுக்கான எஃகு முட்டுகள் தாங்கிக்கொண்டிருந்தன. ஒன்பதாவது அடுக்கில் முட்டும் சுவரை ஒட்டிய விட்டமும் இணையும் இடங்கள் தாங்க முடியாமல் வளைந்தன. நால்வர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒரு மேற்பார்வையாளர், மற்ற ஊழியர்களை மேலே ஏற்றி அனுப்பிவிட்டுத் தாம் ஏற முடியாமல் போனவர். அவருடைய உடல் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

விசாரணைக் குழு கண்டறிந்தவற்றுள் ஒன்றை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். பள்ளத்தை வடிவமைத்தவர்கள் கணினியைப் பயன்படுத்தாமல் இல்லை, பயன்படுத்தித்தான் இருந்தார்கள். ஆனால், அங்கிருந்த மென்மையான கடற்களிமண்ணுக்குப் பொருந்தாத ஒரு கணக்கீட்டு முறையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதனால் மண் உண்மையில் இருந்ததைவிட உறுதியானதாகக் கணினியில் தெரிந்தது. பள்ளத்தில் பொருத்தியிருந்த அளவுக் கருவிகள் சுவர் எதிர்பார்த்ததைவிட அதிகமாக நகர்வதைக் காட்டின. அன்று காலையிலேயே எஃகு வளைவதை ஊழியர்கள் பார்த்தார்கள். ஆனாலும் வேலையை நிறுத்தி அனைவரையும் வெளியேற்றும் முடிவு உரிய நேரத்தில் எடுக்கப்படவில்லை.

அவ்விபத்துக்குப் பிறகு சட்டங்கள் மாறின. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006இல் நடப்புக்கு வந்தது. பின்னர், 2016 ஆகஸ்ட் முதல், பத்து மில்லியன் வெள்ளி அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள கட்டுமானத் திட்டங்களில், பாதுகாப்பைப் பற்றி வடிவமைப்புக் கட்டத்திலேயே சிந்திக்கும் பொறுப்பு மேம்பாட்டாளருக்கும் வடிவமைப்பாளருக்கும் வந்தது. ஊழியர் கவனமாக இருந்திருக்கலாமே என்று சொல்வது எளிது. அவர் கவனக்குறைவாக இருந்தாலும் விழாதபடி அந்தத் துளையை வேறு விதமாக வரைந்திருக்க முடியாதா என்று கேட்பது கடினம். இவ்விதிகள் அதைத்தான் கேட்கின்றன. பல வேளைகளில் விடையும் எளிமையானது. கான்கிரீட்டை ஊற்றுமுன் திறப்பின் குறுக்கே எஃகு வலையைப் பதித்துவிடலாம். குழாய் வரும் நாளில் தேவையான இடத்தை மட்டும் வெட்டிக்கொள்ளலாம். இதை முடிவு செய்வதற்கு ஏற்ற நேரம், கட்டடம் கணினியில் மட்டும் இருக்கும் நேரம்.

அந்தப் பத்தாவது மாடியில் வலை பதிக்கப்படவில்லை; மரப்பலகை மூடிதான் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாதுகாப்பு அதிகாரி கையில் தட்டைக் கணினியுடன் தளத்தைச் சுற்றி வருகிறார். திரையில் அந்தத் திறப்பு பச்சை நிறத்தில் இருக்கிறது. ‘மூடப்பட்டது’ என்று காலையில் பதிவாகியிருக்கிறது. ஆனால், மதிய உணவுக்கு முன் யாரோ அளவெடுப்பதற்காக மூடியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர் தட்டைக் கணினியைக் கீழே வைத்துவிட்டு, வேறு யாரும் அந்தப் பக்கம் வராதபடி துளைக்கு அருகில் நின்றுகொண்டு, மூடியையும் சுத்தியலையும் எடுத்துவரச் சொல்லிக் குரல் கொடுக்கிறார்.